கூரத்தில் கிடைத்த பதில்

தை மாதம் ஹஸ்த நட்சத்திரம் நெருங்கினால் என் மாமியாருக்குக் கால் தரையில் பாவாது. அவர் பிறந்த ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம். கூரத்தாழ்வான் அவதரித்த அதே கூரம்தான். தை ஹஸ்தம் ஆழ்வானுடைய திருநட்சத்திரம். "ஒரே ஒரு தடவை கூட்டிண்டு போயேன்டி, கண்ணுல கொஞ்சம் வெளிச்சம் இருக்கறச்சேயே சேவிச்சுட்டு வந்துடறேன்" என்று வருஷா வருஷம் கேட்பார். நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன்.

இந்தத் தை மாதம் போய்விட்டு வந்தோம். உற்சவக் கூட்டம் அவருக்குத் தாங்காது என்று, எல்லாம் முடிந்த மறுவாரம் கிளம்பினோம். போனது கோயிலுக்கு. ஆனால் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும் பேசும் டப்பா ஒன்றைப் பற்றி எனக்கு இருந்த குழப்பமும் அங்கேதான் தீர்ந்தது. சிரிக்காதீர்கள் சகோதரிகளே, முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்!

டப்பா வந்த கதை

என் மாமியாருக்கு வயது 78. கண்ணில் க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் வியாதி. முதலில் பக்கப் பார்வைதான் போகும், அதனால் பலருக்குத் தெரியவே தெரியாது. தெரியும்போது போன பார்வை போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. நாற்பதைத் தாண்டிய நாம் ஒவ்வொருவரும் கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் எனக்கும் சொல்லி அனுப்பினார்.

பெங்களூரில் வேலைக்குப் போன என் பிள்ளை, முதல் சம்பளத்தில் பாட்டிக்கு அந்த டப்பாவை வாங்கி வந்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு பெண்குரல் பதில் சொல்லும். "பாட்டி, இனிமே மணி பார்க்க, பாட்டு கேட்க யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். இதைக் கூப்பிட்டாப் போதும், உனக்குத் துணையா இருக்கும்" என்றான்.

"யாருடா இவ, நம்மாத்துல வந்து உட்கார்ந்துண்டு?" என்றார் மாமியார்.

முதல் வாரம் ஒரே வேடிக்கை. "மணி என்னடி ஆறது?" என்று அவர் கேட்டால் டப்பா முழிக்கும். "இப்போது நேரம் என்ன?" என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டால் சொல்லும். "அதுகிட்ட ரேடியோவுல நியூஸ் வாசிக்கற மாதிரி பேசணும் போலிருக்கு" என்றார். நாம் வீட்டில் பேசுகிற தமிழ் வேறு, புஸ்தகத் தமிழ் வேறு. அதற்குப் புஸ்தகத் தமிழ்தான் கொஞ்சம் பிடிபட்டது. "கூரம் எங்கே இருக்கு?" என்று கேட்டதற்கு வீட்டுக்குக் கூரை போடுவதைப் பற்றி ஏதோ சொல்லியது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

போகப் போக மாமியாருக்கு அது பழகிவிட்டது. எனக்கோ பெரிய விடுதலை! நூலகம், நாத்தனார் வீடு, கடைத்தெரு என்று நிம்மதியாகப் போய்வந்தேன். "அம்மா, ஏதாவது வேணும்னா அதைக் கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வேன்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம், நல்ல மழை. நான் வீட்டில் இல்லை. குளியலறை வாசற்படியில் கால் வழுக்கி மாமியார் விழுந்துவிட்டார். நான் சொல்லிக்கொடுத்தபடியே டப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். டப்பா ஹாலில், குளியலறை கொல்லைப்பக்கம், நடுவில் மழைச் சத்தம். ஏழெட்டுத் தடவை கத்திய பிறகு அதற்கு என்ன காதில் விழுந்ததோ, ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டது! இவர் இங்கே வலியில் முனக, அது அங்கே பாட... இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள்தான், பாட்டுக்கு நடுவே முனகலைக் கேட்டு உள்ளே ஓடி வந்து தூக்கியிருக்கிறார். நல்லவேளை, மணிக்கட்டில் மட்டும் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

என் கணவர் டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போடப் போனார். பிள்ளை போனில் அழுதான். மாமியார்தான், "அது மேல ஏன் பாயறேள்? அது என்ன பண்ணும் பாவம்" என்றார். நான் வாயே திறக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாத குறைக்கு ஒரு டப்பாவை நிறுத்திவிட்டுப் போனவள் நான்தானே?

கட்டுப் பிரித்த அன்று, "இப்பவாவது கூரம் போகலாமா?" என்று கேட்டார். மறுபேச்சில்லாமல் சரி என்றேன்.

காஞ்சியில் ஒரு ராத்திரி

தாம்பரத்தில் ஏறி, செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் போகும் ரயிலில் போனோம். சின்னக் காஞ்சிபுரத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கல். வரதராஜப் பெருமாளைச் சேவித்து, மிளகு, சீரகம், சுக்கு மணக்கும் கோயில் இட்லியையும் ருசி பார்த்தாயிற்று.

சாயங்காலம் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணப் புடவை எந்த மட்டில் இருக்கிறதென்று பார்க்க, பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக நெய்யும் கோர்வைப் புடவை. இதற்கு மூன்று நாடா வேண்டும், ஒரே ஆளால் ஆகாது. தறியில் உட்காருபவர் ஒருவர், பக்கத்தில் கரை நாடாவைத் தள்ளிவிட இன்னொருவர். அங்கே கணவர் நெய்ய, மனைவி துணை. இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. "எப்படிங்க சொல்லாமலே நேரத்துக்குத் தள்றீங்க?" என்று கேட்டேன். "தறிச் சத்தம் மாறினாலே தெரிஞ்சிடுங்க. அவரு தப்பா மிதிச்சா நான் நாடாவைத் தள்ளமாட்டேன், அப்படியே கையிலே பிடிச்சிக்குவேன்" என்று சிரித்தார் அந்தம்மா.

அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மறுநாள்தான் புரிந்தது.

வழி சொன்ன குரல்

கூரம், காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். காலையில் ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் சின்னப் பையன். செல்போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். அது தமிழிலேயே, "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று சொல்லிக்கொண்டே வந்தது. மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "நம்மாத்து டப்பாவோட அக்கா போலிருக்கு!" என்றார்.

பாதி வழி வரை அக்கா ஒழுங்காகத்தான் சொன்னாள். அப்புறம் ஒரு வரப்புப் பாதையில் இறக்கிவிட்டு, "நேராகச் செல்லவும்" என்றாள். நேராக நெல் வயல்! நடவு முடிந்து தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடி வந்து, "அந்தாண்ட போவாதப்பா, வண்டி எறங்கிடும். திரும்பி வந்து வேப்பமரத்தாண்ட சோத்துக்கை பக்கம் போ" என்றாள். அதோடு விடவில்லை. ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து, "வயசானவங்க இருக்காங்க, மெதுவாப் போ, மேடு பள்ளமா கீது" என்றாள்.

கேட்டது வழி மட்டும்தான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல, செல்போனில் இருப்பவளுக்குத் தெரியுமோ?

பாரதம் வாசிக்க ஒரு பங்கு

கூரம் சின்ன ஊர்தான். ஆனால் சரித்திரத்தில் பெரிய ஊர். இங்கே பல்லவர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் கட்டியது. பின்பக்கம் வளைந்த, தூங்கானை மாடம் என்று சொல்லும் அமைப்பு. குகையைக் குடையாமல் கல்லை அடுக்கிக் கட்டிய பல்லவர் கோயில்களில் மிகப் பழையவற்றில் இது ஒன்று என்கிறார்கள். இந்த ஊரில் கிடைத்த பல்லவர் கால நடராஜர் செப்புத் திருமேனி இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கோயிலுக்கு அந்த அரசன் நிலம் விட்ட செய்தியைச் சொல்வதுதான் கூரம் செப்பேடு. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரித்துத் தானம் செய்தபோது, ஒரு பங்கை மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். உடன் வந்த உறவுக்காரர் இதைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. 1300 வருஷத்துக்கு முன்பே, படிக்கத் தெரியாதவர்களும் கண் மங்கியவர்களும் காதால் கேட்கட்டும் என்று ஒரு குரலுக்கு நிலம் கொடுத்திருக்கிறார்களே!

மாமியார் சொன்னார்: "அந்த டப்பாவும் இப்போ எனக்குப் பாரதம் வாசிக்கறது. நன்னாத்தான் வாசிக்கறது. ஆனா மண்டபத்துல வாசிச்சவரை நிறுத்தி, 'சுவாமி, இது ஏன் இப்படி?'ன்னு ஒரு கேள்வி கேட்கலாம். நாலு பேர் முகம் வாடினா அவரே நிறுத்தி இன்னொரு தடவை சொல்லுவர்."

எழுத்தாணியைக் கீழே வைத்தவர்

அங்கிருந்து ஆதிகேசவப் பெருமாள் கோயில். கூரத்தாழ்வான் சன்னிதியில் மாமியார் நெடுநேரம் நின்றார். எவ்வளவு தெரிந்ததோ, கையைக் கூப்பிக்கொண்டு நகரவே இல்லை. அப்புறம் மண்டபத்தில் உட்கார வைத்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். சாப்பிட்டுக்கொண்டே ஆழ்வான் கதையைச் சொன்னார். தெரிந்த கதைதான். ஆனாலும் அன்றைக்குக் கேட்டது வேறு மாதிரி இருந்தது.

கூரத்தாழ்வான் பெரிய செல்வந்தர். அவர் மாளிகைக் கதவை ராத்திரி சாத்தும் சத்தம் காஞ்சியில் பெருந்தேவித் தாயார் காதுவரை விழுமாம். அது தெரிந்ததும், தன் செல்வம் இப்படியா சத்தம் போடுகிறது என்று வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு, மனைவி ஆண்டாளோடு ராமானுஜரைத் தேடி ஸ்ரீரங்கம் போய்விட்டார்.

ஸ்ரீபாஷ்யம் எழுத, போதாயனர் செய்த உரை வேண்டும் என்று ராமானுஜரும் ஆழ்வானும் காஷ்மீரம் வரை போனார்கள். கிடைத்த சுவடியை அந்த ஊர்க்காரர்கள் வழியிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். ராமானுஜர் கலங்கி நிற்க, "ராத்திரி தாங்கள் கண்ணயர்ந்த பிறகு வாசித்து மனசில் வாங்கிக்கொண்டேன்" என்றாராம் ஆழ்வான். முழு நூலும் ஞாபகம்!

"ஞாபகசக்தியில இந்த டப்பாவை ஜெயிச்சவர்தான்" என்றேன் நான்.

"அவசரப்படாதே, கதை இனிமேதான் இருக்கு" என்றார் மாமியார். "ராமானுஜர் சொல்லச் சொல்ல ஆழ்வான் எழுதணும். அதுக்கு அவரே ஒரு நிபந்தனை போட்டார். நான் சொல்றது உனக்குச் சரின்னு படலேன்னா எழுத்தாணியைக் கீழே வச்சுடுன்னார். ஒரு நாள், ஜீவனைப் பத்தி ஒரு இடத்துல ஆழ்வான் கை நின்னுடுத்து. ஆசார்யனுக்கே கோபம் வந்துடுத்து. ஆனா இவர் எழுதலை. அப்புறம் யோசிச்சுப் பார்த்து, நீ நிறுத்தினதுதான் சரின்னு அவரே திருத்திச் சொன்னார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆசார்யனுக்கு ஆபத்து வந்தப்போ அவர் வேஷத்துல ராஜ சபைக்குப் போய்க் கண்ணை இழந்ததும் இவர்தான். கண் போன அப்புறமும் வரதராஜ ஸ்தவம் பாடினார்" என்றார். அவர் கை தானாகத் தன் இமையைத் தடவியது.

எனக்குப் பிள்ளையார்பாளையத்து அம்மாவின் கை ஞாபகம் வந்தது. தப்பாக மிதித்தால் நாடாவைத் தள்ளாமல் பிடித்துக்கொள்கிற கை! துணை என்றால் சொன்னதைச் செய்வது மட்டுமல்ல. தப்பு நடந்தால் நிறுத்தத் தெரிய வேண்டும். டப்பாவுக்கு எழுத்தாணியைக் கீழே வைக்கத் தெரியாது. பாட்டியின் அலறலைப் பாட்டு என்று நினைத்தாலும் பாடிக்கொண்டே இருக்கும்.

"அம்மா, அதை ஆத்துலேர்ந்து எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அதுக்கு வேலை சொல்லு. பொறுப்பைக் கொடுக்காதே" என்றார்.

கிடைத்தது பதில்!

அது என்னதான் செய்கிறது?

ஊர் திரும்பியதும் பிள்ளையை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் உபயோகப்படும்.

மனிதக் குரலை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் முயற்சி பழசு. 1952-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த 'ஆட்ரி' என்ற இயந்திரம், 0 முதல் 9 வரை எண்களைக் கண்டுபிடிக்கும். அதுவும் பழகிய குரலாக இருந்தால்தான் நன்றாகத் தெரியும். பிறகு 2011-ல் ஆப்பிள் போனில் சிரி வந்தது, 2014-ல் அமேசானின் அலெக்ஸா, 2016-ல் கூகுள் அசிஸ்டெண்ட்.

நாம் அதன் பேரைச் சொல்லும்வரை அந்தப் பேருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். பேரைக் கேட்டதும் நம் குரலை இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும். பெரும்பாலும் அங்கேதான் குரல் வார்த்தையாக மாறி, பதிலும் தயாராகி வருகிறது. ஆகவே இன்டர்நெட் போனால் அதற்குப் பாதி ஊமை, கரண்டு போனால் முழு ஊமை. மழை நாளில், நமக்கு ஆபத்து வரும் வேளையில்தான் இந்த இரண்டும் போகும் என்பதை மறக்காதீர்கள்.

இப்போது வருகிற புதிய ரகங்கள் இன்னும் சரளமாகப் பேசுகின்றன. ஆனால் சரளம் வேறு, சரி வேறு. தெரியாததையும் தெரிந்த மாதிரியே கணீரென்று சொல்லிவிடும். ஒரு வேளை சொட்டு மருந்து விட்டுப்போனால் அடுத்த வேளை சேர்த்துப் போடலாமா என்று நான் ஒரு நாள் கேட்க, கண்ணைக் குளிர்ந்த நீரில் கழுவுவதைப் பற்றிப் பிரசங்கம் செய்தது! டாக்டரைக் கேட்டேன். "சேர்த்துப் போடவே கூடாது, ஞாபகம் வந்ததும் அந்த ஒரு வேளையைப் போடுங்கள். சந்தேகம் வந்தால் எங்களுக்குப் போன் செய்யுங்கள்" என்றார்.

இன்னொன்று. பெரிய கம்பெனிகள் சிலவற்றில், பதிவான பேச்சில் ஒரு சிறு பகுதியை ஊழியர்கள் கேட்டுச் சரிபார்க்கிறார்கள் என்று 2019-ல் செய்தி வெளியானது. நம் வீட்டு மாமியார், மருமகள் சங்கதியெல்லாம் வெளியே போவானேன்? காதை மூட அதன் தலையில் ஒரு பொத்தான் இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது அதை அமுக்கிவிடுகிறேன்.

இப்போது எங்கள் வீட்டில்

டப்பா ஹாலிலேயே இருக்கிறது. மணி சொல்கிறது, பாசுரம் போடுகிறது, பாரதம் வாசிக்கிறது. மாமியாருக்கு இரண்டு விதச் சொட்டு மருந்து. ஒன்று போட்டு ஐந்து நிமிஷமாவது விட்டுத்தான் அடுத்தது. "ஐந்து நிமிடம் டைமர்" என்றால் டாணென்று மணி அடிக்கும். காலை எட்டு, ராத்திரி எட்டு மருந்து நேரத்தையும் ஞாபகப்படுத்தும். ஆனால் மருந்தை எடுத்துப் பேரைப் படித்துப் போடுவது நான்.

குளியலறையில் வழுக்காத மிதியடி, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. தரையில் விழுந்தாலும் கை எட்டும் உயரத்தில் ஒரு கயிறு. அதன் நுனி, கூடத்தில் தொங்கும் பழைய வெண்கல மணியில்! கரண்டும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கிறது. 108 ஆம்புலன்ஸ் எண்ணையும், எங்கள் எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். நான் வெளியே போனால் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அவர் நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அவர் போகும்போது அவர் வீட்டுப் பெரியவரை நான் பார்ப்பேன்.

சாயங்காலம் விளக்கேற்றியதும் டப்பாவின் காதை மூடிவிட்டு, பத்துப் பக்கமாவது நானே மாமியாருக்குப் படித்துக் காட்டுகிறேன். என் உச்சரிப்பு அந்தப் பெண்குரல் அளவுக்குச் சுத்தமில்லை. நடுவில் குக்கர் சத்தத்துக்கு எழுந்து ஓடுவேன். ஆனாலும் நேற்றைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே, "என்னடி, குரல் கம்மியிருக்கே? மழையில நனைஞ்சயா?" என்றார் மாமியார்.

கண் மங்கினால் என்ன? அந்தக் காது எந்தக் கம்பெனியிலும் கிடைக்காது!